எட்டுக் கோழிக்கு எந்த இனம்? முட்டைக்காக மட்டும் வளர்ப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: வீட்டுக்குப் பின்னால் ஆறு முதல் எட்டுக் கோழிகள் வரை வளர்க்க இடம் இருக்கிறது. கறிக்கு இல்லை, விற்பனைக்கும் இல்லை. வீட்டுக்கு முட்டை வேண்டும், அவ்வளவுதான். எந்த இனம் அதிகமாக முட்டையிடும்? எல்லாம் ஒரே இனமாக வாங்குவதா, கலந்து வாங்குவதா? சேவல் வேண்டுமா?

சேவல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டைக்கோழி முட்டையிடும், எண்ணிக்கையும் குறையாது. அந்த முட்டையில் குஞ்சு பொரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம். பிற்பாடு குஞ்சு பொரிக்க ஆசை வந்தால் எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு மூன்று பெட்டைகளோடு சேவலை விட்டால் அவற்றின் மேல் திரும்பத் திரும்ப ஏறி, முதுகு இறகெல்லாம் போய்த் தோல் தெரியும்.

இனி இனம். "எது அதிகம் முட்டையிடும்?" என்பதற்கு நேரான பதில் உண்டு: வெள்ளை லெகார்ன், அல்லது ஐஎஸ்ஏ பிரவுன், லோமன் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற பழுப்பு முட்டைக் கலப்பினங்கள். நல்ல தீவனமும் போதிய வெளிச்சமும் இருந்தால் முதல் ஆண்டில் 280 முதல் 320 முட்டை வரை இடும். மற்ற இனங்கள் இந்த அளவைத் தொட்டாலும் எப்போதாவதுதான். ஆனால் எட்டுக் கோழி வளர்ப்பவர் இந்த எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கு முன்னால் ஒன்றுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்: முட்டை குறைந்தபின் அந்தக் கோழிகளை என்ன செய்வீர்கள்? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவீர்களா, அல்லது சாகும்வரை வைத்திருப்பீர்களா? எந்த இனம் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பதில்தான் தீர்மானிக்கிறது.

ஏன் என்று புரிய, முட்டை உருவாகும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு மஞ்சள்கரு கோழியின் சூலகத்திலிருந்து விடுபட்டு, வெள்ளைக்கரு சேர்ந்து, ஓடு கட்டி வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. ஆகவே எந்தக் கோழியும் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் இட்டுக்கொண்டே போக முடியாது. அந்த இடைவெளி 25, 26 மணி நேரமாக இருக்கும் கோழி, இன்று காலை எட்டு மணிக்கு இட்டால் நாளை ஒன்பது, மறுநாள் பத்து என்று தள்ளிக்கொண்டே போகும். பிற்பகலை எட்டியதும் ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்கும். இடைவெளி 24 மணி நேரத்துக்கு மிக அருகில் உள்ள கோழிக்கு இந்தத் தள்ளல் இல்லை. வாரக்கணக்கில் விடாமல் இடும். நல்ல முட்டைக் கோழிக்கும் சுமாரான கோழிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான். அடை உட்காராமை, சீக்கிரம் முட்டைக்கு வருவது, இறகு உதிர்ப்பு தள்ளிப்போவது ஆகியவை அதன்மேல் சேர்பவை.

இந்தக் குணங்களை ஒரே கோழியில் குவித்ததுதான் நவீனக் கலப்பினம். 1936 வாக்கில், கலப்பின மக்காச்சோளத்தில் வெற்றி கண்ட ஹென்றி வாலஸ் (பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரானவர்) அதே முறையைக் கோழியிலும் முயன்றார். அப்படித் தொடங்கியதுதான் ஹைலைன். தனித்தனி வரிசைகளை (ஒரு இனத்துக்குள் பிரித்து வளர்க்கும் பரம்பரைகளை) உள்ளுக்குள்ளேயே பெருக்கி, கடைசியில் ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். ஐஎஸ்ஏ பிரவுன் 1978இல் பிரான்சில் வந்தது. பெற்றோர் வரிசைகளின் முழு விவரத்தை இந்த நிறுவனங்கள் வெளியிடுவதில்லை என்றாலும், பழுப்பு முட்டைக் கலப்பினங்கள் பெரும்பாலானவற்றில் ரோட் ஐலண்ட் ரெட் ரத்தம் இருக்கிறது. இவை 18 முதல் 20 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும். பெரும்பாலும் சாதுவானவை, மனிதரைக் கண்டு மிரளாது. இவற்றின் முட்டையைப் பொரித்து அடுத்த தலைமுறை எடுத்தால் தாயைப் போலவே இடும் என்று எதிர்பார்க்க முடியாது, குணங்கள் சிதறிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டியதுதான்.

விலை கொடுப்பது கோழியின் உடம்பு. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டை என்றால் 600 கிராம் கால்சியம், இரண்டு கிலோகூட இல்லாத ஓர் உயிரின் வழியாக. இரவில் ஓடு கட்டும்போது தீவனத்திலிருந்து வரும் கால்சியம் போதாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டாம் ஆண்டில் நெஞ்செலும்பு முறிவு, முட்டைக்குழாய் வெளித்தள்ளுவது, கரு வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடிப்பது போன்றவை இவற்றில் அதிகம். பெரிய பண்ணைகள் ஒன்றரை, இரண்டு வயதில் மந்தையையே மாற்றிவிடுவதால் அங்கே இது அவ்வளவாக வெளியில் தெரிவதில்லை. வீட்டில் பெயர் வைத்து வளர்க்கும் கோழிக்கு மூன்று வயதில் இது நடக்கும்போதுதான் மனசு கஷ்டப்படும். ஆகவே மாற்றிக்கொண்டே இருக்கத் தயார் என்றால் கலப்பினத்தைத் தாராளமாக வாங்குங்கள். முதல் இரண்டு ஆண்டில் அதைவிட நல்ல கோழி கிடையாது. தயார் இல்லை என்றால் வேறு பக்கம் பாருங்கள்.

வெள்ளை லெகார்ன் தூய இனம், ஆனால் இன்று கிடைப்பவை பெரும்பாலும் பண்ணைக்காகத் தேர்ந்தெடுத்த வரிசைகள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்துப் பெயரில் அறியப்பட்ட இனம். எடை இரண்டு கிலோவுக்குள்தான், தீவனம் நாளைக்கு 100 முதல் 110 கிராம். அடை உட்காருவது அரிது. பெரிய கொண்டை வெப்பத்தை வெளியேற்றுவதால் சூட்டைத் தாங்கும். அதே கொண்டை உறைபனியில் கருகிவிடும். இதன் குறை சுபாவத்தில் இருக்கிறது: மிரளும், பறக்கும், ஆளுயர வேலியை அலட்சியமாகத் தாண்டும். மேலே வலை போட்ட கூண்டு இருந்தால் பிரச்சினை இல்லை. கோழி மடியில் வந்து உட்கார வேண்டும் என்று குழந்தைகள் ஆசைப்பட்டால் இது அந்தக் கோழி இல்லை.

அடுத்து, நிதானமாக இட்டு நெடுநாள் இடும் பழைய இனங்கள். ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்ட்ரலார்ப், பிளைமவுத் ராக், சசெக்ஸ் ஆகிய நான்கும் ஆண்டுக்கு 180 முதல் 250 வரை இடும். பெட்டை மூன்று கிலோ அளவில் இருக்கும். இவற்றில் எனக்குப் பிடித்தது ஆஸ்ட்ரலார்ப். கறுப்பு ஆர்ப்பிங்டனை முட்டைக்காகவே தேர்ந்தெடுத்து ஆஸ்திரேலியாவில் உருவாக்கினார்கள். 1922-23இல் அங்கே நடந்த ஒரு போட்டியில் ஆறு கோழிகள் 365 நாளில் 1,857 முட்டை இட்டன, சராசரி 309. செயற்கை வெளிச்சம்கூட இல்லாமல். இன்று வாங்கும் ஆஸ்ட்ரலார்ப் அப்படி இடாது, 200 தாண்டினாலே திருப்திப்படலாம். ஆனால் கறுப்பில் பச்சை மினுங்கும் இறகு, சண்டைக்குப் போகாத குணம், மூன்றாம் நான்காம் ஆண்டிலும் ஓரளவு இடுவது எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு நல்ல பொருத்தம். கடும் வெயிலில் மட்டும் கறுப்பு நிறம் சங்கடம், நிழல் கட்டாயம்.

அந்தச் சாதனையை இன்னொரு காரணத்துக்காகவும் சொன்னேன். அதே ஆஸ்ட்ரலார்ப் பெயரில் இன்று 250 முட்டை இடும் கோழியும் உண்டு, 130இல் நிற்கும் கோழியும் உண்டு. கண்காட்சிக்காக இறகையும் உடல்வாகையும் பார்த்துத் தேர்ந்தெடுத்த வரிசையில் முட்டை எண்ணிக்கை சரிந்திருக்கும், ஏனென்றால் பல தலைமுறையாக அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. ரோட் ஐலண்ட் ரெட்டிலும் இப்படித்தான்: கண்காட்சி வரிசை கருஞ்சிவப்பில், செங்கல் வடிவத்தில் கம்பீரமாக இருக்கும், குறைவாக இடும். முட்டை வரிசை வெளிறிய செம்பழுப்பில், சற்றுச் சிறியதாக இருக்கும், நன்றாக இடும். குஞ்சு விற்பவரிடம் "என்ன இனம்?" என்று கேட்டால் மட்டும் போதாது. "இதன் தாய்க்கோழிகள் ஆண்டுக்கு எத்தனை இடுகின்றன? கணக்கு வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கணக்கு இல்லை என்றால் இனத்தின் பெயருக்குப் பக்கத்தில் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

அழகுக்காகப் பலர் ஆர்ப்பிங்டன், பிரம்மா, கொச்சின் பக்கம் போகிறார்கள். 1886இல் வில்லியம் குக் இங்கிலாந்தின் ஆர்ப்பிங்டன் ஊரில் உருவாக்கியபோது ஆர்ப்பிங்டன் நல்ல முட்டைக் கோழி. பிற்பாடு பஞ்சுப் பொதியாக மாற்றிவிட்டார்கள். இப்போது ஆண்டுக்கு 150, 180 முட்டை. கூடவே அடிக்கடி அடை உட்காரும். அடை என்பது சின்ன விஷயம் இல்லை. 21 நாள் குஞ்சு பொரிப்பு, பிறகு குஞ்சுகளோடு ஆறேழு வாரம், ஆகமொத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் முட்டை கிடையாது. கீழே முட்டையே இல்லாமல் வெறும் கூட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் உண்டு. படுக்கை ஏதும் போடாமல், அடியில் காற்றுப்போகும் கம்பி வலைக் கூண்டில் தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். குஞ்சு பொரிக்கும் திட்டம் இருப்பவருக்கு அடைக்கோழி பொக்கிஷம். முட்டை மட்டும் கேட்பவருக்கு இந்தக் குணம் கணக்கில் கழிவு. அசில் மாதிரியான சண்டைக்கோழி இனங்களும் இதே காரணத்தால் இந்தக் கேள்விக்குள் வரவில்லை: இடுவது குறைவு, அடை அதிகம், ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதும் உண்டு.

தீவனக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாளைக்கு 110 கிராம் தின்னும் லெகார்ன் ஆண்டுக்குச் சுமார் 40 கிலோ தின்னும். 280 முட்டை என்றால் ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 143 கிராம் தீவனம். 140 கிராம் தின்னும் ஆர்ப்பிங்டனுக்கு ஆண்டுக்கு 51 கிலோ. 160 முட்டை என்றால் ஒரு முட்டைக்கு 320 கிராம். இரண்டு மடங்குக்கும் மேல். இடையில் ஆஸ்ட்ரலார்ப், ரோட் ஐலண்ட் ரெட் எல்லாம் 200 முதல் 230 கிராமுக்குள் நிற்கும். பெரிய உடம்பைச் சும்மா பராமரிக்கவே தீவனம் போகிறது என்பதுதான் காரணம். திறந்த வெளியில் மேய்ந்து புழு பூச்சி பொறுக்கும் கோழிக்கு இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். அடைத்து வளர்த்தால் முழுதாகக் கையைக் கடிக்கும்.

தட்பவெப்பத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோழிக்கு வியர்வை கிடையாது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிப் போகப் போக வாயைத் திறந்து மூச்சுவாங்கும், அந்த வேகமான மூச்சில் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் ரத்தத்தில் குறையும். கோடையில் ஓடு மெலிவது இதனால்தான், கால்சியத்துக்காகக் கிளிஞ்சல் எவ்வளவு கொட்டினாலும் முழுதாகச் சரியாகாது. சூடான இடத்தில் லெகார்ன், எகிப்தின் ஃபயூமி, கழுத்துமொட்டை இனங்கள் தாக்குப்பிடிக்கும். கழுத்துமொட்டையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. கழுத்தில் மட்டுமல்ல, உடம்பு முழுதும் இறகு குறைவாக இருப்பதால் சூட்டில் அது மற்றவற்றைவிட நன்றாகத் தின்னும், நன்றாக இடும். ஃபயூமி நோயைத் தாங்குவதில் பெயர் பெற்றது, முட்டை சிறியது, கையில் மட்டும் சிக்காது. உறைபனி விழும் இடம் என்றால் தலையோடு ஒட்டிய கொண்டை உள்ள வையன்டாட், கனடாவின் ஷான்டெக்ளேர் போன்றவற்றைப் பாருங்கள்.

ஒரே இனமா, கலந்தா? எட்டுக் கோழிக்குக் கலந்து வாங்குவதையே சொல்வேன், இரண்டு மூன்று இனத்துக்குள். முக்கிய லாபம் முட்டையின் நிறத்தில் இருக்கிறது. லெகார்ன் வெள்ளை, ரோட் ஐலண்ட் ரெட் பழுப்பு, மாரான் அடர் பழுப்பு, அராகானா நீலம். யார் இடுகிறார்கள், யார் நிறுத்திவிட்டார்கள் என்று முட்டைக் கூடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். (நீல நிறம் ஓடு முழுதும் ஊடுருவியிருக்கும், பழுப்பு, கடைசி நேரத்தில் மேலே பூசிய சாயம், ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் வந்துவிடுவதும் உண்டு. உள்ளே சத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.) ஆனால் குணம் பொருந்த வேண்டும். ரோட் ஐலண்ட் ரெட் அதிகாரம் செய்யும். சில்கி, தலையில் கொத்துக் கொண்டையிறகு உள்ள போலிஷ் போன்றவற்றை அதோடு விட்டால் கொத்து வாங்கியே ஒடுங்கிவிடும். எடையிலும் வயதிலும் ஏறக்குறைய சமமானவற்றைச் சேர்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். முதல் ஆண்டில் நான்கு, அடுத்த ஆண்டில் நான்கு. ஒவ்வொரு கோழியும் ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும், அப்போது எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முட்டை நின்றுவிடும். எல்லாம் ஒரே வயது என்றால் எல்லாம் சேர்ந்து நிறுத்தும். முதல் ஆண்டு வெடைக்கோழிகள் (இளம் பெட்டைகள்) பெரும்பாலும் அந்தப் பருவத்தில் உதிர்க்காமல் இட்டுக்கொண்டிருக்கும் என்பதால் புதிய நான்கு பழைய நான்கின் இடைவெளியை நிரப்பும். பகல் நீளம் மிகக் குறையும் நாடுகளில் காலையில் விளக்குப் போட்டு மொத்த வெளிச்சத்தை 14 மணி நேரத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். மாலையில் போட்டால், விளக்கு அணையும்போது கோழி பரணில் ஏறாமல் இருட்டில் தடுமாறும், அதனால் காலை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இதெல்லாம் அவ்வளவு தேவைப்படாது.

அப்படியானால் நான் என்ன வாங்குவேன்? கோழிகளை மாற்றத் தயங்குபவர் என்றால்: நான்கு ஆஸ்ட்ரலார்ப், இரண்டு சசெக்ஸ், இரண்டு வெள்ளை லெகார்ன். நல்ல பருவத்தில் நாளைக்கு நான்கைந்து முட்டை வரும், எல்லாம் ஒரேயடியாக ஓய்ந்துபோகாது. மாற்றத் தயங்காதவர் என்றால் ஐந்து பழுப்புக் கலப்பினமே போதும், எட்டு எதற்கு? அதே நான்கு முட்டை, குறைந்த இடம், குறைந்த தீவனம்.

வாங்கும்போது ஒரு தொல்லை, பாலினம். ஒருநாள் குஞ்சைப் பிரிக்காமல் வாங்கினால் பாதி சேவலாகத்தான் வரும். இதற்குக் கலப்பினத்தில் ஒரு வசதி இருக்கிறது. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால் பெண் குஞ்சு பழுப்பாகவும் ஆண் குஞ்சு வெளிறிய மஞ்சளாகவும் பொரியும், நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம். கோடு போட்ட பிளைமவுத் ராக் பெட்டையோடு அதே சேவலைச் சேர்த்தால் ஆண் குஞ்சின் தலையில் வெள்ளைப் பொட்டு இருக்கும். சேர்க்கையைத் தலைகீழாக்கினால் இது பலிக்காது. தூய இனம்தான் வேண்டும், ஆனால் சேவல் வேண்டாம் என்றால் 16 வாரம் தாண்டிய வெடைக்கோழியாகப் பார்த்து வாங்குங்கள். கூடுதல் பணம் போனாலும் இளங்குஞ்சுக்கான வெப்பவிளக்கு, சாவு, சேவல் எல்லாம் மிச்சம்.

"இப்போது இட்டுக்கொண்டிருக்கிறது" என்று சொல்லிப் பெரிய கோழியை விற்றால், சொல்லை நம்பாமல் கோழியைத் தூக்கிப் பாருங்கள். இடும் கோழியின் கொண்டை சிவந்து மென்மையாக இருக்கும், ஆசனவாய் அகன்று ஈரமாக இருக்கும், அதன் இருபுறமும் உள்ள எலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் இடம் கிடைக்கும். ஒரு விரல்கூட நுழையாவிட்டால் அது இப்போது இடவில்லை. லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், பிளைமவுத் ராக் போன்ற மஞ்சள் தோல் இனங்களில் இன்னொரு அடையாளம்: இட ஆரம்பித்ததும் மஞ்சள் முதலில் ஆசனவாயைச் சுற்றியும், பிறகு கண் வளையம், காதுமடல், அலகு, கடைசியில் கால் என்ற வரிசையிலும் வெளுக்கும். கால்வரை வெளுத்த கோழி பல மாதமாக நன்றாக இட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கால் பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் விற்பவர் கதை விடுகிறார், இல்லையென்றால் அது இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்ட்ரலார்ப், சசெக்ஸ் வெள்ளைத் தோல் இனங்கள், அவற்றில் இந்தச் சோதனை உதவாது.

மாரெக் நோய்க்கு ஒருநாள் குஞ்சிலேயே ஊசி போட்டிருக்கிறார்களா, ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சலுக்கு எத்தனை முறை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டாம் ஆண்டு வரும் அந்த நான்கு கோழிகளை நேராகப் பழைய கோழிகளோடு விட வேண்டாம். மூன்று நான்கு வாரம் தள்ளித் தனியாக வையுங்கள், பழையவற்றைக் கவனித்து முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள். கடைசி ஒரு வாரம் நடுவில் வலையை மட்டும் வைத்து ஒன்றையொன்று பார்க்க விட்டு, பிறகு இரவில் பரணில் ஏற்றிவிட்டால் கொத்து குறையும். அந்த முதல் காலை மட்டும் தீவனத்தொட்டி இரண்டு இடத்தில் இருக்கட்டும்.